பூமிக்கடியில் உள்ள மாசினை நின்ற இடத்திலேயே அறிதல்

(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதுவது)

மண் பரிசோதனையின் அவசியத்தைப் பற்றி இப்பத்திரிகையில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைப் படித்த விவசாயிகளில் அநேகர் தங்கள் நிலத்து மண்ணைப் பையிலிட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவதை வழக்கமாகவே கொண்டிருக்கின்றனர். இது சந்தோஷிக்கத்தக்க விஷயமே. ஆனால் உரமிடுதற் பொருட்டுச் செய்யும் பரிசோதனை வேறு. நிலத்திற் புகுந்துவிட்ட மாசு எவ்விடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எத்திசை நோக்கி நிற்கின்றது என்று தேடுதல் வேறு. முன்னதற்கு மேல்மண் அரையடி போதும். பின்னதற்கு அது சிறிதும் போதாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு நான் செய்த பிழையொன்றை முதலிற் கூறிவிட்டு மேற்செல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நொய்யலாற்றின் கீழ்ப்பாகத்தில், கரைக்கு அதிக தூரமில்லாத நிலமொன்றை உடைய குடியானவர் ஒருவர் என்னை அழைத்திருந்தார். மார்கழிக் கடைசி, மழை ஓய்ந்த சமயம். "மேலாக்க மண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. வாழை வெக்கலாமுங்களா?" என்று கேட்டார். நானும் விதிப்பிரகாரம் பத்து இடங்களில் அரையடி ஆழம் வெட்டி, மண்ணை ஒன்றாய்க் கலந்து, நாற்கூறிட்டுக் குறைத்து, ஒரு பை கட்டி அனுப்பினேன். ஐந்து வாரங் கழித்து முடிவு வந்தது. உப்பு மிகக் குறைவு என்று அதிற் கண்டிருந்தது. தைரியமாக வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அரை மைலுக்கு அப்பாலிருந்த வேறொரு கிணற்றிலிருந்து குழாய் வைத்து நல்ல நீர் கொண்டுவந்து பாய்ச்சினார். சித்திரை பிறந்ததும் இலையோரம் கருகத் தொடங்கிற்று. வைகாசியில் வரப்புகளின் மேல் வெள்ளை பூத்தது. அவ்வாண்டு அவர் போட்ட பணமெல்லாம் போயிற்று.

பரிசோதனைச் சாலையின்மேற் குற்றமில்லை. அனுப்பிய மண்ணின் குணத்தை அவர்கள் சரியாகவே சொன்னார்கள். மழையால் மேல்மண்ணிலிருந்த உப்பு கழுவப்பட்டுக் கீழே இறங்கியிருந்த காலத்தில், அந்த மேல்மண்ணையே எடுத்து அனுப்பியவன் நான். பத்து இடத்து மண்ணை ஒன்றாய்க் கலந்ததனால், நிலத்தின் ஒரு பாகத்திற்கும் மற்றொரு பாகத்திற்கும் இருந்த வித்தியாசத்தையும் என் கையாலேயே அழித்துவிட்டேன். அடியில் நின்ற உவர்நீர், பாசனத்தால் மட்டம் உயர்ந்து, களிப்பாங்கான மண்ணின் நுண்துளைகளின் வழியே விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலேறி, வெயிலில் நீர் ஆவியாக உப்பை மாத்திரம் வேரருகில் விட்டுவிட்டது.

நொய்யலைப் பற்றி இரண்டொரு வார்த்தை. வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகிக் கோயமுத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று காவிரியிற் கலக்கும் இவ்வாற்றில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் விடப்பட்டது. பருத்தி நூலிற் சாயம் பிடிப்பதற்காகச் சாதாரண உப்போ, சோடியம் ஸல்பேட்டோ லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் சேர்ப்பது அத்தொழிலின் வழக்கம். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. முழுதும் தண்ணீரோடு வெளியேறுகின்றது. பாசனத்துக்கென்று கட்டப்பெற்று 1992-ஆம் ஆண்டிலிருந்து நீர் தேக்கிய ஒரத்துப்பாளையம் அணை, நாளடைவிற் கழிவுநீர் தேங்கும் குளமாயிற்று. கழிவுநீரைச் சிறிதும் வெளியேவிடாத ஏற்பாடு செய்துகொள்ளாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆற்றில் வரும் நீரைத் தீர்ப்பால் நிறுத்தலாம். முன்னரே பூமிக்குள் இறங்கிவிட்ட உப்பு எந்தத் தீர்ப்பையும் கேட்டுத் திரும்புவதில்லை. அஃது எங்கே தங்கியிருக்கிறது என்று நாமேதான் தேடவேண்டும்.

தேடும் பழைய முறை யாதெனில், யந்திரத்தாற் துளையிட்டு, ஆழத்திற்கோர் அளவு மண்ணை எடுத்து, புட்டியிலடைத்து அனுப்புவதே. முடிவு வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். வந்தபின் பார்த்தால், மாசு நாம் துளையிட்ட இடத்திற்கு இருபதடி தெற்கே இருக்கலாம் என்று தோன்றும். யந்திரமோ ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். மறுபடி அழைப்பதென்றால் மறுபடி செலவு. ஆகவே செலவுக்கு அஞ்சிச் சில துளைகளோடு நிறுத்திவிட்டு, இடையிலுள்ளதை ஊகத்தால் நிரப்புவது வழக்கமாயிருந்தது. மூன்றடிக்கு ஒரு மாதிரி எடுத்தால், இடையில் அரையடி கனத்தில் உள்ள மணற்கீற்று கண்ணிற் படாமலே போய்விடும். மாசு பெரும்பாலும் நடந்து செல்வது அப்படிப்பட்ட மணற்கீற்றின் வழியாகவேயாம்.

இக்குறையை நீக்கவே, மண்ணை வெளியே கொண்டுவராமல், அளக்குங் கருவியையே மண்ணுக்குள் செலுத்தும் முறை தோன்றிற்று. இதன் முன்னோடி ஹாலந்து தேசத்துக் கூம்புகோல். கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த அந்நாட்டின் சேற்று நிலம் அணைகளையும் கட்டிடங்களையும் தாங்குமா என்று அறிய, நுனியிற் கூம்புடைய இரும்புக்கோலை 1932-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பொறியாளர் மண்ணுள் அழுத்தி, அது கொடுக்கும் எதிர்ப்பை அளந்தனர். இன்றும் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 60 பாகை கூர்மையும் உள்ள கூம்பினை, விநாடிக்கு 2 சென்டிமீட்டர் வீதம் அழுத்துவதே பொது விதியாக இருக்கிறது. மணல் கூம்பை வலிதாக எதிர்க்கும். களி மெத்தென்று வழிவிட்டு, கோலின் பக்கங்களைப் பற்றிக்கொள்ளும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, மண்ணைக் காணாமலே அதன் இனத்தைச் சொல்லிவிடலாம். பிற்காலத்தார் இக்கோலினுள் வேறு பல அளவைகளையும் பொருத்தினர். கோல் இறங்க இறங்க, மேலே வண்டியிலுள்ள திரையில் ஆழத்தோடு அளவும் கோடாக எழுதப்பட்டு வரும்.

இவற்றுள் நம் விவசாயிகளுக்கு முதன்மையாகப் பயன்படுவது மின்சாரம் கடத்துந் தன்மையை அளப்பதாம். சுத்தமான நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. உப்புக் கரைந்த நீர் நன்றாய்க் கடத்தும். கோலின் நுனியருகே உலோக வளையங்களை ஒன்றுக்கொன்று தொடாதபடி அமைத்து, வெளி வளையங்களின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உள் வளையங்களுக்கிடையே உண்டாகும் மின்னழுத்தத்தை அளந்தால், அவ்விடத்து மண் எவ்வளவு எளிதாய்க் கடத்துகிறது என்று உடனே தெரியும். நான்கு முனைகளைக் கொண்டு நிலத்தை இவ்வாறு அளக்கும் முறையை அமெரிக்காவில் பிராங்க் வென்னர் என்பார் 1915-ஆம் ஆண்டில் விளக்கியிருக்கிறார். அவர் நிலத்தின் மேற்புறத்தில் முனைகளை ஊன்றினார். இப்போது முனைகளே கீழே செல்லுகின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பயிற்சியில்லாதார் இதிற்றான் அகப்படுகின்றனர். களிமண் தானே மின்சாரத்தைக் கடத்தும். நல்ல நீர் நிறைந்த மணலில் அளவு மீட்டருக்குச் சில பத்து மில்லிஸீமன்ஸுக்குள் நிற்குமானால், உப்பே இல்லாத களியில் 100-ஐக் கடப்பதும் உண்டு. ஈரம் மிகுந்தாலும் அளவு உயரும். உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு வீதம் உயரும். ஆகவே திரையிற் கோடு வலப்புறம் ஓடியதும் "உப்பு கண்டோம்" என்று கூவுவது தவறு. உப்பு நிலத்தில் ஒரு துளையும், அதே மண்வாகுள்ள மாசற்ற மேட்டு நிலத்தில் ஒரு துளையும் இட்டு இரண்டு கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். கூம்பின் எதிர்ப்பு "இது மணல்" என்று சொல்லும் ஆழத்தில் மின்கடத்தல் உயர்ந்திருந்தால், அதற்குக் காரணம் களியல்ல, உப்பே என்று கொள்ளலாம். அப்போதும் இரண்டு மூன்று ஆழங்களில் உண்மையான மண்ணை எடுத்துச் சாலைக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளுதல் அவசியம். உடனறியும் அளவைகள் பரிசோதனைச் சாலையை ஒழிக்க வந்தவையல்ல. எங்கே மாதிரி எடுத்தால் அனுப்பும் காசு வீண்போகாது என்று காட்டுபவை அவை.

பெட்ரோல், டீஸல் முதலிய எண்ணெய்க் கசிவுகளைத் தேடுவதற்கு வேறொரு கோல் உண்டு. அதன் பக்கத்தில் நீலக்கல் எனப்படும் கடினக் கண்ணாடிச் சாளரம் ஒன்று இருக்கும். அதன் வழியே ஊதா கடந்த ஒளியை மண்ணின்மேல் வீசினால், எண்ணெயிலுள்ள சில வஸ்துக்கள் தாமே ஒளிரும். அவ்வொளி கண்ணாடியிழை வழியே மேலே வந்து அளக்கப்படும். அமெரிக்க ராணுவத்தாரும் கடற்படையாரும் 1990-களில் தங்கள் முகாம்களில் இதனை மிகுதியாகக் கையாண்டனர். ஆவியாகும் கரைப்பான்களுக்கு மற்றொரு வகை: கோலில் நூறு டிகிரிக்கு மேற் சூடேற்றிய மெல்லிய சவ்வு ஒன்றிருக்கும், மண்ணிலுள்ள வஸ்து ஆவியாகிச் சவ்வின் வழியே உட்புக, உள்ளே ஓடும் வாயு அதனை மேலேயுள்ள உணர்கருவிக்குக் கொண்டுசெல்லும். குழாயின் நீளத்தை வாயு கடக்கச் சிறிது நேரம் ஆவதால், திரையிற் காண்பது கோல் இப்போது நிற்கும் ஆழத்தினதன்று. அத்தாமதத்தைக் கணக்கிட்டுத் திருத்தவேண்டும். மிகுந்த மாசுள்ள அடுக்கைக் கடந்தபின் சவ்வில் ஒட்டியிருப்பது சில அடிகள்வரை பொய்க்கணக்கும் காட்டும். இவை பெரும்பாலும் ஆலைகளுக்கும் எண்ணெய்க் கிடங்குகளுக்கும் உரியனவாதலின் விரிக்கவில்லை.

பாலாற்றுப் பக்கத்து அன்பர்கள், "எங்கள் தோல்பதனிடும் சாலைகளின் கழிவுக்கு இது பயன்படுமா?" என்று கேட்பார்கள். அக்கழிவால் விளைந்த கேட்டைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் அளித்த தீர்ப்பு யாவரும் அறிந்ததே. விடை பாதி ஆம், பாதி இல்லை. தோலைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் உப்பின் வழியை மின்கடத்தலால் அறியலாம். குரோமியத்தை அவ்வாறு அறியமுடியாது. விஷமாகும் அளவு குரோமியம் மின்கடத்தலில் ஒரு மாறுதலையும் காட்டாமல் இருக்கக்கூடும். அதற்குக் கையில் ஏந்தும் எக்ஸ்-கதிர்க் கருவி ஒன்று உண்டு. மண்ணின்மேல் வைத்தால் ஓரிரண்டு நிமிஷத்தில் குரோமியம், ஈயம் முதலிய உலோகங்களின் அளவைச் சொல்லும். ஆயினும் மேற்பரப்பில் சில மில்லிமீட்டருக்குள் உள்ளதையே அது காணும். மண் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரமாயிருந்தால் அளவு பிசகும். எல்லாவற்றினும் முக்கியமானது, அது குரோமியத்தின் மொத்தத்தைச் சொல்லுமேயன்றி இனத்தைச் சொல்லாது. தோல்பதனிடுதலிற் சேர்வது பெரும்பாலும் அதிகம் கரையாத மூவிணைக் குரோமியம். ராணிப்பேட்டையில் 1990-களின் மத்தியில் மூடப்பெற்ற குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியலில் உள்ளது நீரிற் கரைந்து ஓடும் அறுவிணைக் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கத்தக்கது. இதனை அறிய, டைபினைல் கார்பஸைடு என்னும் மருந்தை நீரிற் சேர்த்தால் செவ்வூதா நிறம் தோன்றும். கிணற்றடியிலேயே செய்யத்தக்க பரிசோதனை அது.

மேற்கூறிய யந்திரங்கள் நம் குடியானவர் எவர் வீட்டு வாசலுக்கும் நாளை வரப்போவதில்லை. கொங்குநாட்டின் சரளையும் சுக்கான்கல்லும் நிறைந்த பூமியில் அக்கோல்கள் அதிக ஆழம் இறங்கவும் மாட்டா. அவை வண்டல் நிலத்துக்கென்றே பிறந்தவை. ஆனால் யந்திரத்தை விட அதன் பின்னிருக்கும் வேலைமுறையே நமக்குப் பெரிது. இன்று காலை இட்ட துளையின் முடிவைப் பார்த்து, பிற்பகல் எங்கே துளையிடுவது என்று நிலத்திலேயே தீர்மானிப்பது அம்முறை. 2000-க்குப் பின் அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகாவினர், முன்யோசனை, நிலத்துக்கேற்ப மாறும் வேலைத்திட்டம், உடனறியும் அளவை என்ற மூன்றையும் இணைத்து வற்புறுத்தி வந்தது இதனையே. இதற்கு லட்ச ரூபாய் யந்திரம் வேண்டுவதில்லை. ஆகர் என்னும் திருகு துளைப்பானும், சட்டைப் பையில் அடங்கும் மின்கடத்துமானியும் போதும்.

வாழை கருகிய அந்நிலத்தில் நான் பின்னர்ச் செய்ததும் அதுவே. முறையைச் சொல்லுகிறேன். துளைப்பானால் ஓரடி இறக்கி, வந்த மண்ணைத் தாளில் வைக்கவேண்டும். அடுத்த அடி அடுத்த தாளில். துளையின் பக்கங்களிலிருந்து உதிரும் மேல்மண் அடிமண்ணோடு சேராதபடி ஒவ்வொரு முறையும் மேலுள்ளதைச் சுரண்டித் தள்ளவேண்டும்; இதில் அசிரத்தை கூடாது. ஒவ்வோர் அடி மண்ணிலும் ஒரு பங்கு எடுத்து, கட்டிகளை நசுக்கி, ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, மூடியிட்ட புட்டியிற் சில நிமிஷம் நன்றாய்க் குலுக்கி, தெளியவிட்டு மானியை நனைத்தால் எண் தெரியும். கிணற்று நீரை உபயோகித்தால் எல்லாம் பாழ். முதலில் வெறும் நீரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒருமுறையும் உச்சியில் ஒருமுறையும், அளவறிந்த உப்புநீரைக் கொண்டு மானியையும் சரிபார்க்க வேண்டும். வெயிலில் வைத்த மானி பொய் சொல்லும்.

இவ்வாறு கிடைக்கும் எண்ணைப் புத்தகங்களிற் காணும் எண்ணோடு நேராக ஒப்பிடலாகாது. புத்தகங்களில், நிறைவீர மண்ணிலிருந்து பிழிந்த சாற்றின் அளவே கண்டிருக்கும். அவ்வளவின்படி மீட்டருக்கு 4 டெசிஸீமன்ஸுக்கு மேற்பட்டது உவர்நிலம், வெங்காயம் 1.2-லும், கரும்பு 1.7-லும், நெல் 3-லும் விளைச்சல் குறையத் தொடங்கும், பருத்தி 7.7 வரை தாங்கும். ஐந்து பங்கு நீரிற் கரைத்த அளவோ இதனிலும் பல மடங்கு குறைந்தே காட்டும். களியில் ஒரு மடங்கு, மணலில் அதனினும் பெரிய மடங்கு. அடிக்கு அடி, துளைக்குத் துளை ஒப்பிடுவதற்கே நம் எண் உதவும். சாகுபடித் தீர்மானத்துக்கு முன் மிக உயர்ந்த அடியின் மண்ணையும் மிகத் தாழ்ந்த அடியின் மண்ணையும் சாலைக்கு அனுப்பி மடங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்நிலத்தில் முதற் துளையிலேயே மூன்றாம் அடியில் எண் திடீரென்று ஏறிற்று. நான்காம் அடியில் அதனினும் அதிகம். ஆறாம் அடியில் ஈரமணலும் நீரும் வந்தன. உடையவர் துளையின் அருகிற் குந்தியிருந்து, ஒவ்வொரு புட்டியின் எண்ணையும் தம் கையாலேயே குறித்துக்கொண்டார். நிலம் முழுதும் இப்படித்தான் என்று எண்ணி அவர் முகம் வாடிற்று. அடுத்த துளையை முப்பதடி மேற்கே இட்டோம், அதே கதை. வடக்கே சென்றோம், எண் பாதியாயிற்று. இன்னும் வடக்கே செல்ல, ஆறடி வரையிலும் நல்ல மண். பின்னர் துளைக்குத் துளை உப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நடந்தோம். இரண்டு நாளில் பதினான்கு துளைகள். உப்பு நிலம் முழுதும் இல்லை. தென்மேற்கிலிருந்து கிழக்கே, நாற்பதடி அகலத்தில் ஒரு பட்டையாகச் சென்றது. "இதுலதானுங்க எங்க அப்பாரு காலத்துல ஓடை போச்சு. வண்டல் அடிச்சு மூடிட்டாங்க" என்றார் அவர். மூடிய ஓடையின் மணல் வழியே ஆற்றங்கரை உவர்நீர் வயலுக்குள் நடந்து வந்திருந்தது. அந்தப் பதினான்கு துளைகளில் ஒன்றைக்கூட நான் முதலில் வெட்டிய பத்துக் குழிகள் காட்டியிருக்க முடியாது.

இதனால் தடுக்கப்பட்டது மற்றொரு பெரிய நஷ்டம். நீரோட்டம் நன்றாயிருக்கிறது என்று ஒருவர் குறித்துக்கொடுத்த இடத்தில், ஆழ்குழாய்க் கிணறு இறக்க அவர் முன்பணம் கொடுத்திருந்தார். அவ்விடம் சரியாக அப்பட்டையின் நடுவில் இருந்தது. உவர்நீர் நிற்கும் மேலடுக்கின் வழியே துளையிட்டு, உறைக்குழாயைச் சிதைந்த பாறையைத் தாண்டிக் கெட்டிப்பாறைவரை இறக்காமலும், குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள சந்தை அடைக்காமலும் விட்டால், மேலிருக்கும் உப்பு கீழிருக்கும் நல்ல நீரில் அத்துளையின் வழியாகவே இறங்கும். அக்கம்பக்கத்துக் கிணறுகளும் அதனாற் கெடும். நாம் இடும் சிறு துளைகளும் இந்த அபாயத்துக்கு உட்பட்டவையே. ஆகையால் மாசுள்ள இடத்தில் இட்ட துளை எதனையும் திறந்தபடி விட்டுச் செல்லலாகாது. பென்டோனைட் களியையோ, கிடைக்காத இடத்தில் நல்ல களியைப் பிசைந்தோ, அடியிலிருந்து மேல்வரை இடித்து அடைத்துவிட வேண்டும்.

குழாய்க்கிணறு வடக்கு மூலைக்கு மாற்றப்பட்டது. கெட்டிப்பாறைவரை உறை இறக்கிச் சந்தும் அடைக்கப்பட்டது. அதன் நீரையும் மானியால் மாதந்தோறும் அளந்து வருகிறார். பாசன நீர் மீட்டருக்கு 0.7 டெசிஸீமன்ஸுக்குள் இருந்தால் பயமில்லை, 3-ஐக் கடந்தால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது என்ற கணக்கை வீட்டுச் சுவரிற் கரியால் எழுதி வைத்திருக்கிறார். வாழை இப்போது வடபாகத்தில் நிற்கிறது. பட்டையின் இருபுறமும் வடிகால் வெட்டாமல் ஜிப்ஸம் இடுவதில் பயனில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். உப்பைக் கீழே தள்ளினால் அது வெளியேற வழி வேண்டுமல்லவா? வடிகாலின் வாய் அடுத்தவர் நிலத்தில் விழுவதால் அப்பேச்சு இன்னும் முடியவில்லை. அதுவரை பட்டையில் பருத்தி. வருகிற சித்திரையில் பழைய துளைகளின் அருகே மீண்டும் அடிக்கு அடி அளப்பதாக ஏற்பாடு.